ஒரு டாலர் கடனும் நாற்பத்தைந்து நிமிட இசையும்

"கூலிக்கு அடிக்கிறவன் இப்படி அடிக்க மாட்டான்டா."

என் சித்தப்பா இதைச் சொன்னது 1994ஆம் வருசம் பொங்கல் லீவில். நான் விடுதியிலிருந்து ஊருக்கு வரும்போது ஒரு கேசட்டும், தோழர் ஒருவரிடம் கடன் வாங்கிய டேப்ரிக்கார்டரும் கொண்டுவந்திருந்தேன். கேசட்டின் மேல் பேனாவால் 'மெஷின் கன்' என்று மட்டும் எழுதியிருந்தது. வாசிக்கிறவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்று தோழர் சொல்லியிருந்தார். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. விடுதியில் அதைப் போட்டபோது மேல்சாதி நண்பன் ஒருத்தன், "இது வெள்ளைக்காரன் சங்கீதம், உனக்கு எதுக்குடா" என்று சிரித்திருந்தான். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் இல்லை.

சித்தப்பா எங்க ஊருல பறையடிச்சவர். சாவுக்கு, மாரியம்மன் கொடைக்கு, தண்டோராவுக்கு, எல்லாத்துக்கும் அவர்தான். களத்துல அளக்கிற நெல்லுக்காக அடிச்சவர். பிறகு ஒருநாள் எங்க காலனி ஆட்கள் கூடி, இனிமே ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம்னு முடிவெடுத்தார்கள். அன்றைக்குப் பறையைப் பரண்மேல் போட்டவர், திரும்ப எடுக்கவில்லை. அப்படிப்பட்டவர் திண்ணையில் உட்கார்ந்து பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேல் அசையாமல் அந்தப் பாட்டைக் கேட்டார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கிதாரைவிட, பின்னால் அடிக்கிற டிரம்ஸைத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னதுதான் மேலே எழுதியிருப்பது.

பல வருடம் கழித்து அந்தப் பாட்டு இடம்பெற்ற இசைத்தட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். சித்தப்பா சொன்னது தவறு என்று தெரிந்தது. அந்தத் தட்டே ஒரு கடனை அடைப்பதற்காக உருவானது. கடனின் மூலம் ஒரு டாலர். அப்படியானால் சித்தப்பாவின் காதில் விழுந்தது என்ன? இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

ஹார்டு ராக் என்பது மின்கிதாரின் ஒலியை ஆம்ப்ளிபையர் வழியாகப் பெருக்கி, வேண்டுமென்றே கரகரப்பாக்கி, காதடைக்க வாசிக்கிற இசை. 1960களின் கடைசியில் அது பெரிய வியாபாரமாக மாறியது. வியாபாரமானதும் அதன் முகம் வெள்ளையாகிவிட்டது. நீண்ட தலைமுடி வைத்த வெள்ளை இளைஞர்களின் படங்கள்தான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அதன் வேர் மிசிசிப்பியின் பருத்திக்காட்டுக் கறுப்பர்கள் பாடிய புளூஸ். அந்த வேரிலிருந்து ராக் அண்ட் ரோலைக் கட்டியவர்களில் சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் முன்வரிசை ஆட்கள். பிக் மாமா தார்ன்டன் என்கிற கறுப்பினப் பெண் 1952இல் பதிவு செய்த 'ஹவுண்ட் டாக்' பாட்டை 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடினார். பாட்டு எல்விஸின் பாட்டாகவே பெயர்பெற்றது. உழைப்பு ஒருத்தர், பேர் ஒருத்தர். இது நமக்குப் புதுசில்லை.

ஹெண்ட்ரிக்ஸ் 1942 நவம்பர் 27இல் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டிலில் பிறந்தவர். தந்தை அல் ஹெண்ட்ரிக்ஸ் தோட்டவேலை, குப்பை அள்ளுதல் என்று கிடைத்த வேலையைச் செய்தவர். சிறுவனாக இருக்கும்போது ஜிமி துடைப்பத்தைக் கிதாராகப் பாவித்து வாசித்துக்கொண்டிருந்தார். தந்தையோடு ஒரு வீட்டைச் சுத்தம் செய்யப் போனபோது குப்பையில் ஒற்றைத் தந்தியோடு கிடந்த உகுலேலே என்னும் சின்னக் கருவியை எடுத்துக்கொண்டார். அதுதான் அவருடைய முதல் வாத்தியம். இடதுகைப் பழக்கம் உள்ளவர். வலதுகைக்காரர்களுக்குச் செய்த கிதாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துத் தந்தியை மாற்றிக் கட்டி வாசித்தார்.

1961இல் திருட்டுக் காரில் இருந்ததாகப் போலீசில் பிடிபட்டார். சிறைக்குப் போவதா, பட்டாளத்துக்குப் போவதா என்பதுதான் அவருக்கு விடப்பட்ட தெரிவு. அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். விமானத்திலிருந்து குதிக்கும் 101ஆவது படைப்பிரிவு. அங்கேதான், கென்டக்கியின் ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமில், பேஸ் கிதார் வாசிக்கும் பில்லி காக்ஸ் என்னும் இன்னொரு கறுப்புச் சிப்பாய் அவருக்கு நண்பரானார். 1962இல் ஹெண்ட்ரிக்ஸ் படையைவிட்டு வெளியே வந்துவிட்டார். பிறகு அதே 101ஆவது படைப்பிரிவு வியட்நாமுக்குப் போனது. அவர் வாசித்த போர்ப்பாட்டுக்குப் பின்னால் இந்த விசயம் இருக்கிறது.

அடுத்த நான்கு வருடம் தெற்கு மாநிலங்களிலும் வடக்கிலும் கறுப்பர்களுக்கான மதுக்கடைகள், அரங்குகள் என்று சுற்றினார். அய்ஸ்லி பிரதர்ஸுக்குப் பின்னால் நின்று வாசித்தார். லிட்டில் ரிச்சர்டுக்குப் பின்னால் நின்று வாசித்தார். பாடகனுக்குப் பின்னால் நிற்கிற கூலிக் கிதார்க்காரர். வாடகைக்குக் காசில்லாமல் கிதாரை அடகு வைக்கிற நிலை.

1965 அக்டோபரில், நியூயார்க்கில், கர்ட்டிஸ் நைட் என்ற பாடகரின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது, எட் சால்பின் என்ற தயாரிப்பாளரின் பிபிஎக்ஸ் நிறுவனத்தோடு மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கைக்கு வந்த தொகை ஒரு டாலர். விற்பனையில் பங்கு நூற்றுக்கு ஒன்று. வயது 22.

கையெழுத்துப் போடத் தெரிந்தவர்தான். படிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் அந்தக் காகிதம் எங்க ஆட்கள் செங்கல் சூளை மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வைக்கிற பெருவிரல் ரேகை மாதிரியேதான் வேலை செய்தது. பசித்தவன் போடுகிற கையெழுத்தில் சம்மதம் எவ்வளவு, வயிறு எவ்வளவு என்று எந்த நீதிமன்றமும் பிரித்துப் பார்ப்பதில்லை.

3

1966 செப்டம்பரில் சாஸ் சாண்ட்லர் என்கிற ஆங்கிலேய இசைக்கலைஞர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் என்ற இரண்டு வெள்ளை இளைஞர்களோடு 'எக்ஸ்பீரியன்ஸ்' குழு உருவானது. 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டெரி விழாவில் கிதாரை மேடையில் எரித்தார். அமெரிக்கா தன் மகனை இங்கிலாந்து வழியாகத்தான் கண்டுகொண்டது. 1968இல் வந்த 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பேர் வந்ததும் பழைய காகிதமும் வந்தது. சால்பின் வழக்குப் போட்டார். இவன் என் ஆள், இவன் இசை என் சொத்து என்பது வழக்கின் சாரம். 1967 டிசம்பரிலேயே கர்ட்டிஸ் நைட்டோடு வாசித்த பழைய பதிவுகளை ஹெண்ட்ரிக்ஸ் படத்தை முன்னால் போட்டு கேபிடல் நிறுவனம் தட்டாக விற்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் 1968இல் அமெரிக்க வழக்கு சமரசத்துக்கு வந்தது. ஹெண்ட்ரிக்ஸின் முந்தைய தட்டுகளின் வருமானத்தில் சால்பினுக்கு ஒரு பங்கு. அதோடு, அவர் ஒரு முழுப் புதிய தட்டை உருவாக்கித் தர வேண்டும். அதைக் கேபிடல் நிறுவனம் வெளியிடும்.

அதாவது உலகத்திலேயே அதிகக் கூலி வாங்குகிற ராக் கலைஞர்களில் ஒருவர், ஒரு டாலர் அட்வான்ஸுக்கு ஒரு தட்டு கட்ட வேண்டிய கடனாளியாக இருந்தார். 1969 முழுக்க இந்தப் பாக்கி அவர் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோவில் வருடக்கணக்காகச் செதுக்குகிற பழக்கம் உள்ளவர் அவர். இந்தக் கடனுக்கு அப்படிச் செதுக்க நேரமில்லை. மேடையில் வாசிப்பதை அப்படியே பதிந்து கொடுத்துவிடலாம் என்று முடிவானது.

4

அந்த 1969 எப்படிப்பட்ட வருசம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜூன் மாதம் 'எக்ஸ்பீரியன்ஸ்' குழு உடைந்தது. ஆகஸ்டு 18 காலையில் உட்ஸ்டாக்கில் கலைந்து போய்க்கொண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார். பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள். பதினெட்டு நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, நியூயார்க்கின் கறுப்பர் குடியிருப்பான ஹார்லெமில், 139ஆம் தெருவும் லெனாக்ஸ் அவென்யூவும் சேருகிற இடத்தில் இலவசமாக வாசித்தார். அந்த வட்டார மக்கள் சங்கத்துக்கு நிதி சேர்க்க நடந்த தெருநிகழ்ச்சி. மேடையில் முட்டைகளும் ஒரு பாட்டிலும் வந்து விழுந்தன. 'இவன் வெள்ளைக்காரனுக்கு வாசிக்கிறவன்' என்கிற கோபம் அங்கே இருந்தது. கறுப்பர்களின் வானொலி நிலையங்களில் அவருடைய பாட்டு அரிதாகவே ஒலித்தது. வெள்ளையர்களுக்கு அவர் கிதாரைப் பல்லால் கடிக்கிற, எரிக்கிற வேடிக்கை மனிதன். சொந்த மக்களுக்கு அந்நியன். இரண்டு பக்கமும் செருப்படி வாங்குவது எப்படியிருக்கும் என்று, படித்துவிட்டுக் காலனிக்குத் திரும்பி வருகிற நம்முடைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தெரியும்.

அவரை நான் போராளி ஆக்கப் பார்க்கவில்லை. அவர் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தில் உறுப்பினராக இருந்தவரல்ல. அரசியலில் தயங்கினவர். வியட்நாம் போரை முதலில் எதிர்க்கவும் இல்லை. ஆனால் காலம் ஒரு மனிதனின் தயக்கத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

1969 ஏப்ரலில் நியூயார்க்கில் 21 கருஞ்சிறுத்தைகள்மேல் சதிவழக்குப் போடப்பட்டது. 1971இல், விசாரணையில் நிறுத்தப்பட்ட அத்தனை பேரும் விடுதலையானார்கள். மில்வாக்கியில் வீடு வாடகைக்குக் கிடைப்பதில் நிறவெறி கூடாது என்று 1967 ஆகஸ்டிலிருந்து தொடர்ந்து 200 நாள் ஊர்வலம் போனார்கள் கறுப்பு இளைஞர்கள். கல்லடி பட்டார்கள். 1969 டிசம்பர் 4 விடிவதற்கு முன்னால், சிகாகோவில், கருஞ்சிறுத்தைகளின் இல்லினாய் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனைப் போலீஸ் படுக்கையிலேயே சுட்டுக் கொன்றது. அவருக்கு வயது 21. பக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணியான துணைவி. அதே வீட்டில் மார்க் கிளார்க்கும் கொல்லப்பட்டார். எஃப்.பி.அய். ஒற்றன் ஒருவன் கொடுத்த வரைபடத்தில் வீட்டின் உள்ளமைப்பு, படுக்கை இருக்கும் இடம் எல்லாம் இருந்தன. போலீஸ் தரப்பிலிருந்து தொண்ணூறு குண்டு அளவில் பாய்ந்தன. சிறுத்தைகள் தரப்பிலிருந்து ஒரே ஒரு குண்டு. 'மோதல்' என்றுதான் முதலில் செய்தி வந்தது. மோதல் என்கிற சொல்லின் அர்த்தத்தை நமக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இது நடந்து நான்கு வாரத்தில் ஹெண்ட்ரிக்ஸ் அந்த மேடையில் ஏறினார்.

5

பட்டாளத்து நண்பர் பில்லி காக்ஸ் பேஸ் கிதாருக்கு வந்தார். டிரம்ஸுக்கு ஒமாஹாவில் பிறந்த பட்டி மைல்ஸ். மூன்று பேரும் கறுப்பர்கள். புகழ் வந்தபிறகு ஹெண்ட்ரிக்ஸ் தலைமையில் முழுக்கக் கறுப்பர்களே நின்ற முதல் குழு இதுதான். இதன் பெயர் 'பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்'. தட்டுக்கும் அதே பெயர். இந்த ஏற்பாடு மேலாளர் மைக்கேல் ஜெஃப்ரிக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வெள்ளையருக்கு நடுவில் ஒரு கறுப்பர் என்கிற பழைய சரக்குதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இடம் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், இரண்டாம் அவென்யூவில் பில் கிரஹாம் நடத்திய ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கு. இரண்டாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் உட்காரலாம். 1969 டிசம்பர் 31 இரவும் 1970 ஜனவரி 1 இரவும் தலா இரண்டு காட்சி, ஆக நான்கு. நான்கையும் பதிந்தார்கள். தட்டில் இருக்கும் ஆறு பாட்டும் ஜனவரி 1ஆம் தேதி வாசித்தவை. நான்கு ஹெண்ட்ரிக்ஸுடையவை, இரண்டு மைல்ஸுடையவை. மொத்தம் சுமார் 45 நிமிடம்.

ஒரு காட்சி முடிந்ததும் பில் கிரஹாமிடம் 'எப்படி இருந்தது' என்று ஹெண்ட்ரிக்ஸ் கேட்டதாகவும், வித்தைதான் காட்டினாய், இசையை மறந்துவிட்டாய் என்று தான் சொன்னதாகவும், அடுத்த காட்சியில் அவர் நின்ற இடத்தைவிட்டு நகராமல் வாசித்ததாகவும் கிரஹாம் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிரஹாம் கதையில் தன் பங்கைக் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனால் தட்டில் கேட்கிற ஹெண்ட்ரிக்ஸ் வேடிக்கை காட்டுகிறவர் இல்லை. அது உறுதி.

'மெஷின் கன்' தொடங்கும் முன்பு அவர் பேசுகிறார். தணிந்த குரல், கொஞ்சம் வெட்கப்படுகிற மாதிரி. புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, இந்தப் பாட்டைச் சிகாகோவிலும் மில்வாக்கியிலும் நியூயார்க்கிலும் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் சிப்பாய்களுக்கு என்கிறார். பிறகு, மறந்துவிட்டதை நினைத்துக்கொண்டவர் போல, வியட்நாமில் இருக்கும் சிப்பாய்களுக்கும் என்கிறார். கூட்டம் லேசாகச் சிரிக்கிறது.

இந்த வரிசையைக் கவனிக்கணும். முதலில் உள்ளூர்த் தெரு. அப்புறம்தான் வியட்நாம். அமெரிக்க நகரங்களின் தெருவையே போர்க்களம் என்று சொல்லியாகிவிட்டது. சிகாகோவின் சிப்பாய் யார்? செத்த ஹாம்ப்டனா, சுட்ட போலீசா, கலவரத்துக்கு அனுப்பப்பட்ட ஏழைப் படைவீரனா? அவர் விளக்கவில்லை. அவர் ஹாம்ப்டன் பெயரைச் சொல்லவும் இல்லை. ஆனால் பாட்டின் உள்ளே ஒரு பதில் இருக்கிறது. சுடுகிறவனும் சாகிறவனும் ஒரே ஆளின் விருப்பத்துக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்டவர்கள் என்பதுதான் பாட்டின் பொருள். வியட்நாம் போரின் முதல் ஆண்டுகளில், 1965-66இல், களத்தில் செத்த அமெரிக்கர்களில் அய்ந்தில் ஒருவர் அளவில் கறுப்பர். மக்கள்தொகையிலோ அவர்கள் பத்தில் ஒருவரைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். சிறையா பட்டாளமா என்று கேட்கப்பட்டுப் பட்டாளத்துக்குப் போன ஒருவர்தான் இதைப் பாடுகிறார்.

இனி சித்தப்பா கேட்ட டிரம்ஸுக்கு வருகிறேன். பட்டி மைல்ஸ் தாளம் போடுவதோடு நிற்கவில்லை. சிறிய முரசின்மேல் சடசடவென்று அடுக்கடுக்காக அடித்துத் துப்பாக்கி வெடிக்கும் சத்தத்தையே உண்டாக்குகிறார். கிதாரும் அதே அடியில் இறங்குகிறது. நடுவில் ஹெண்ட்ரிக்ஸ் ஒரே சுரத்தைப் பிடித்து நீட்டுகிறார். ஆம்ப்ளிபையரிலிருந்து வரும் சத்தம் திரும்பக் கிதாரின் தந்தியிலேயே மோதி ஊளையிடும். அதற்கு ஃபீட்பேக் என்று பெயர். பலர் அதைப் பிழை என்று தவிர்த்தார்கள். அவர் அதையே மொழியாக்கினார். விமானம் தாழ்ந்து வருகிறது, குண்டு விழுகிறது, யாரோ கத்துகிறார்கள், கத்தல் ஒப்பாரியாகிறது. ஒரு சொல்லும் இல்லாமலே இதெல்லாம் கேட்கிறது. ஒப்பாரி என்று நானாகச் சொல்லவில்லை. எங்க அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு செத்தது?" என்று கேட்டார்.

6

தட்டு 1970 மார்ச் 25இல் வெளிவந்தது. அமெரிக்கப் பட்டியலில் அய்ந்தாம் இடம் வரை போனது. காசு கடன்காரர்களுக்கும் கேபிடலுக்கும் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க அட்டையில் ஹெண்ட்ரிக்ஸ் படம் மட்டும்தான். கூட நின்ற இருவரின் முகம் அதில் இல்லை. பேர் பறிபோனவரின் தட்டிலும் பேர் கிடைக்காத இருவர் இருக்கிறார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டாம்.

வந்த காலத்தில் விமர்சகர்கள் பலர் இதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ஹெண்ட்ரிக்ஸுக்கே முழுத் திருப்தியில்லை. சுருதி பிசகிய இடங்கள் இருக்கின்றன, தயாரிப்புக்கு நேரம் போதவில்லை, கொடுத்தாக வேண்டியிருந்ததால் கொடுத்தோம் என்கிற தொனியில்தான் பேசினார்.

குழு தட்டு வெளிவரும்வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1970 ஜனவரி 28இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வியட்நாம் போரை எதிர்க்கும் இயக்கத்துக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சியில், இரண்டு பாட்டோடு ஹெண்ட்ரிக்ஸ் மேடையைவிட்டு இறங்கிவிட்டார். அதோடு பட்டி மைல்ஸை மேலாளர் வேலையைவிட்டு நீக்கினார். பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ் முடிந்தது. செப்டம்பர் 18இல் ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் இறந்தார். வயது 27. தன் வாழ்நாளில் தானே முடித்து வெளியிட்ட கடைசித் தட்டு கடனுக்குக் கொடுத்த இந்தத் தட்டுதான்.

மகனின் இசைக்கான உரிமையைத் தந்தை அல் ஹெண்ட்ரிக்ஸ் வழக்காடித் திரும்பப் பெற்றது 1995இல். இருபத்தைந்து வருடம். அதன்பிறகு மற்றக் காட்சிகளின் பதிவுகள் மேலும் வெளியே வந்தன. 2019இல் நான்கு காட்சிகளும் ஒரே தொகுப்பாக வந்தது. அதைக் கேட்கும்போது ஒன்று புரிகிறது. 1970இல் கடன் தீர்ந்தால் போதும் என்று வெட்டிக் கொடுத்த 45 நிமிடத்துக்குப் பின்னால், அவர்கள் தங்களுக்காக வாசித்த பல மணிநேரம் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது.

வாரிசுகள் இல்லாமல் போகவில்லை. 1985இல் வெர்னன் ரீட், கிரெக் டேட், கோண்டா மேசன் ஆகியோர் நியூயார்க்கில் 'பிளாக் ராக் கோயலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ராக் வாசிக்கும் கறுப்பரைப் பார்த்து, இது உன் இசையில்லை என்று சொன்ன இசைத்தட்டு வியாபாரத்துக்கு எதிராகத்தான் தொடங்கினார்கள். என் விடுதி நண்பனின் சிரிப்புக்கு அங்கே ஏற்கனவே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

7

பெயரைப் பற்றி ஒன்று. 'ஜிப்சி' என்பது அய்ரோப்பாவில் ரோமா மக்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக நினைத்து வைத்தது. அவர்களில் பலர் இன்று அதை வசைச்சொல்லாகக் கருதுகிறார்கள். ஹெண்ட்ரிக்ஸ் அதை நாடோடி, கட்டற்றவன் என்கிற கனவுப் பொருளில்தான் எடுத்துக்கொண்டார். அந்த மக்களை நாஜிகள் இலட்சக்கணக்கில் கொன்றார்கள் என்பது அந்தக் கனவுக்குள் இல்லை. ரோமா மொழியின் வேர் வட இந்தியாவில் என்பது மொழியியலார் நிறுவிய செய்தி. 'ரோம்' என்கிற சொல்லே 'டோம்' என்பதிலிருந்து வந்தது என்று அவர்களில் பலர் கருதுகிறார்கள். டோம் யார்? வடக்கே சுடுகாட்டில் பிணம் எரிக்க விதிக்கப்பட்ட, பல இடங்களில் மேளம் அடித்தும் பாடியும் பிழைத்த தீண்டப்படாத சாதி. சியாட்டிலின் கறுப்பர் ஒருவர் தெரியாமலே நம் சேரிக்காரர்களின் பெயரைத் தன் தட்டின்மேல் எழுதிக்கொண்டார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அது வரலாறு இல்லை, தற்செயல். தற்செயலாக இருந்தாலும் நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறது.

தற்செயல் இல்லாத உறவும் இருக்கிறது. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் தோழர்களும் தலித் சிறுத்தைகளைத் தொடங்கியபோது, பெயரை எடுத்தது ஃபிரெட் ஹாம்ப்டனின் இயக்கத்திடமிருந்துதான். அந்தப் பெயர் 1980களில் மதுரைக்கு வந்தது. 1990களில் தமிழ்நாட்டின் சேரிச் சுவர்களில் சிறுத்தை ஏறியது. நாங்கள் விடுதியில் கறுப்பர் கவிதைகளின் மொழிபெயர்ப்புகளைக் கைமாற்றிப் படித்தது அந்த அலையில்தான். அந்த கேசட்டும் அதே கைகள் வழியாகத்தான் என்னிடம் வந்தது.

அப்போது நமக்குள்ளே ஒரு விவாதம் ஓடியது. பறையை விடுவதா, எடுப்பதா? இழிதொழில் என்று பிணைத்த கருவியை உடைத்தெறிய வேண்டும் என்றது ஒரு பக்கம். அது நம் கலை, மேடையேற்றுவோம் என்றது இன்னொரு பக்கம். கலைவிழா ஒன்றுக்காக நான் சித்தப்பாவை அழைத்தேன். வர மறுத்துவிட்டார். "நீங்க அடிங்கடா. உங்களை யாரும் கூப்பிட்டு அடிக்கச் சொல்லல. என்னைக் கூப்பிட்டுட்டாங்க. அந்தக் கை போயிருச்சு."

அவர் சாகும்வரை அந்தத் தட்டு கடனுக்காக உருவானது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அவர் காதில் விழுந்ததைப் பொய்யாக்கி இருக்காது. ஹெண்ட்ரிக்ஸ் கொடுத்தாக வேண்டிய கடன் ஒரு தட்டு. என்ன வாசிக்கணும், யார்கூட நின்று வாசிக்கணும், யாருக்கென்று சொல்லி வாசிக்கணும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை. எழுத மறந்த அந்த இடத்தில்தான் அவர் தன் சனங்களோடு நின்றார். எங்க சித்தப்பாவுக்கு அப்படி ஓர் இடம்கூட விட்டு வைக்கப்படவில்லை. எந்தச் சாவுக்கு, எந்த அடி, எங்கே நிற்கணும், எவ்வளவு தள்ளி நிற்கணும் என்பது வரைக்கும் ஊர் எழுதி வைத்திருந்தது. அதனால் அவர் அடிக்காமல் விட்டதும், அவர் அடித்ததும் ஒன்றாகவே எனக்குக் கேட்கிறது.

பறை இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. தோல் கிழிந்துவிட்டது. புதுத் தோல் கட்டலாமா என்று என் மகள் கேட்கிறாள். நீயே முடிவு பண்ணு என்று சொல்லியிருக்கிறேன்.